நினைவு போனால் ஆளும் போய்விடுவாரா? கதையும் கவிதையும் இதற்குப் பதில் சொல்லுமா?

கேள்வி: தாழ்ப்பாள்

வணக்கம். ஆறேழு மாதமாக மெட்டாபிசிக்ஸ், அதாவது இருப்பு, அடையாளம் போன்றவற்றின் அடிப்படையைக் கேட்கும் தத்துவம், படித்துக்கொண்டிருக்கிறேன். முறையாகப் படித்தவன் இல்லை, கையில் கிடைத்ததைப் படிக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கில் வந்து மாட்டிக்கொண்டேன். நேற்றைய ஆளும் இன்றைய ஆளும் ஒருவரே என்று சொல்ல வைப்பது உடம்பும் இல்லை, ஆன்மாவும் இல்லை, தன்னுணர்வுதான் என்கிறார். அது பின்னோக்கி எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரம்தான் அந்த ஆள். இளவரசனின் நினைவுகள் ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்புக்குள் போய்விட்டால் அங்கே இருப்பது இளவரசன்தான் என்று ஒரு கதையும் சொல்கிறார்.

என் அப்பாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. ராத்திரி படுக்கும் முன் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போடுவார், இரண்டடி நடப்பார், திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி "நீங்க யாரு?" என்கிறார். என்னை அவர் நீங்க என்று கூப்பிட்டதே கிடையாது.

லாக் சொல்வது சரி என்றால் அந்தத் தாழ்ப்பாளை இழுப்பது யார்? இதைப் பற்றி இலக்கியத்தில் படிக்கும்போது மனதுக்குக் கொஞ்சம் பிடிபடுகிறது. அது பதிலா, வெறும் ஆறுதலா என்றுதான் தெரியவில்லை. மெட்டாபிசிக்கல் கவிஞர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறதாமே, அங்கே தேடலாமா?

பதில் 1: மூன்றாம் வரி

முதலில் லாக்குக்கு நியாயம் செய்துவிடலாம். அவர் 'மனிதன்' வேறு, 'ஆள்' வேறு என்று பிரித்துத்தான் பேசுகிறார். உயிருள்ள உடலாக, மனிதனாக, உங்கள் அப்பா அதே மனிதர்தான், இதில் லாக்குக்கே சந்தேகம் வராது. 'ஆள்' என்பதை அவர் பொறுப்பு சார்ந்த சொல்லாக வைக்கிறார். செய்த காரியத்துக்குப் பாராட்டோ தண்டனையோ யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. அந்த வேலைக்குச் செய்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்து நீங்கள் வீட்டு வாசலில் வைத்து அளக்கிறீர்கள், அதனால்தான் இப்படி வலிக்கிறது.

அந்த வேலைக்கும் அது முழுசாகப் போதாது என்பது வேறு விஷயம். 1785-இல் தாமஸ் ரீட் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஒரு வீரனைக் காட்டினார். சிறுவனாக இருந்தபோது தோட்டத்தில் திருடிப் பள்ளியில் அடி வாங்கியவன், வளர்ந்து முதல் போரில் எதிரியின் கொடியைப் பறிக்கிறான், கடைசியில் தளபதி ஆகிறான். கொடி பறித்தபோது அவனுக்கு அடி வாங்கியது நினைவிருக்கிறது. தளபதி ஆனபோது கொடி பறித்தது நினைவிருக்கிறது, ஆனால் அடி வாங்கியது சுத்தமாக மறந்துவிட்டது. லாக்கின் கணக்குப்படி சிறுவனும் வீரனும் ஒருவர், வீரனும் தளபதியும் ஒருவர், சிறுவனும் தளபதியும் மட்டும் வேறு வேறு. அது எப்படி முடியும்? பின்னால் வந்தவர்கள் நேரடி நினைவு வேண்டாம், சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றோடொன்று கோத்திருந்தால் போதும் என்று திருத்தினார்கள். அந்தக் கோப்பில் நினைவோடு குணம், பழக்கம், நோக்கம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அதில் இடம் உண்டு.

இலக்கியம் பதிலா என்று கேட்டால், என் கருத்து, இல்லை. கதை ஒரு கருத்தை நம் கண்முன் நிறுத்தும். அது உண்மையா என்று வாதம் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பதில் 2: சுவடி

மெட்டாபிசிக்கல் கவிஞர்கள் பற்றி மட்டும்: அவர்கள் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள், பெயரைப் பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அந்த அடையாளத்தை நிலைக்க வைத்தது 1779-இல் ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் எழுதிய விமர்சனம், அதுவும் பெரிய பாராட்டில்லை. ஒட்டாத இரண்டு பொருள்களை வலிந்து பிடித்துக் கட்டுகிறார்கள் என்பது அவர் குறை. ஆனாலும் அவர்களில் ஒருவரான ஜான் டன்னைப் படியுங்கள். பிரிகிற இரண்டு உயிர்களை வட்டம் வரையும் கவராயத்தின் இரண்டு கால்கள் என்கிறார், ஒன்று எவ்வளவு தூரம் சுற்றினாலும் நடுவில் ஊன்றிய கால் அதன் பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும்.

பதில் 3: கூடும் முட்டையும்

மூன்றாம் வரி அவர்களே, ரீட் எப்படி லாக்கை மடக்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் கடைசியில் கதை வாதம் ஆகாது என்கிறீர்கள். லாக் சொன்னது ஒரு கதை. ரீட் செய்தது அதைவிட நீளமான, மூன்று பருவம் கொண்ட இன்னொரு கதை சொன்னதுதான். கதை நீண்டதும் கொள்கை உடைந்தது.

குறளில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

"குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே
உடம்பொடு உயிரிடை நட்பு."

குடம்பை என்றால் கூடு என்றுதான் நம்மில் பலர் படிக்கிறோம். பரிமேலழகர் முட்டை என்கிறார், காரணமும் தருகிறார். கூடு பறவையோடு கூடப் பிறப்பதில்லை, பறவை அதற்குள் திரும்பியும் வரும், அதனால் உடம்புக்கு அது உவமை ஆகாது. முட்டையை விட்டு வெளியே வந்த குஞ்சு அதற்குள் திரும்பப் போக முடியாது. ஒரே ஒரு சொல்தான், அதற்கு எந்தப் பொருள் கொள்கிறோமோ அதற்கேற்ப உயிருக்கும் உடம்புக்கும் உள்ள உறவே மாறிவிடுகிறது. கூடு என்றால் உயிர் வந்து தங்கிய விருந்தாளி. முட்டை என்றால் இரண்டும் சேர்ந்தே உண்டானவை. இதை அழகுக்குச் சொன்ன உவமை என்று எப்படித் தள்ளுவது? இங்கே உவமையே வாதம்.

இன்னொன்று, மணிமேகலையின் 27-ஆம் காதை. (லாக் இதைப் பேசுவதும் இரண்டாம் புத்தகத்தின் 27-ஆம் அத்தியாயத்தில்தான், தற்செயல்தான், ஆனால் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்தது.) மணிமேகலை வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியாகப் பூதவாதி, எல்லாமே நிலம், நீர் போன்ற பூதங்களால் ஆனவை என்பவன். பூவையும் வெல்லக் கட்டியையும் சேர்த்தால் மதுவில் களிப்பு பிறக்கிற மாதிரி, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, கண்ணால் கண்டது மட்டுமே உண்மை, மறுபிறவி பொய் என்கிறான். கேட்பவளோ தன் முற்பிறப்பை அறிந்தவள். சிரித்துவிட்டு அதைச் சொல்கிறாள். அது தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கும் என்று அவன் தள்ளுகிறான். உடனே அவள் கேட்கிறாள்: உன் தாய் தந்தையை நீ அனுமானத்தால் (கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பதால்) அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

அவள் தரப்பை நீங்கள் ஏற்க வேண்டாம், நானும் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பாருங்கள். இவர்தான் என் அப்பா என்று யாரும் கண்ணால் பார்த்து நிறுவியதில்லை, தாழ்ப்பாள் சத்தம் மாதிரி ஆயிரம் சின்ன விஷயங்களிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். அவருக்கு உங்களை அடையாளம் தெரியாமல் போனதால் நீங்கள் எடுத்துக்கொண்டது பொய்யாகிவிடாது.

மூன்றாம் வரி

ரீட் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீரனுக்குப் பெயர்கூட இல்லை, தேவைக்கு மேல் ஒரு வரி கிடையாது, அதனால்தான் அவனை வைத்து ஒரே ஒரு கேள்வியைச் சோதிக்க முடிகிறது. மணிமேகலைக்கு ஒரு வாழ்க்கையே இருக்கிறது, அவள் பக்கம் சாய்ந்துகொண்டுதான் படிக்கிறோம். இந்த வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாழ்ப்பாள்

எல்லோருக்கும் நன்றி. 'மனிதன்', 'ஆள்' பிரிவை நான் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன், அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கிறேன். பரிமேலழகர் உரை வீட்டிலேயே இருக்கிறது, அப்பா வாங்கியது. நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன், அந்தக் குறளுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'முட்டையா?' என்று எழுதி வைத்திருக்கிறார். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு, யாரு எழுதினது?" என்றார்.