சின்ன டிரெய்லருக்கு எந்த ரிம் பொருந்தும்?

அம்பத்தூர்_லோடு:
ரெண்டு சக்கர டிரெய்லர், காருக்குப் பின்னால் மாட்டி கேட்டரிங் பாத்திரங்கள் ஏற்றுகிறோம். ரிம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. 12 இஞ்ச், நாலு ஸ்டட் (ரிம்மை மாட்டும் போல்ட்), டயர் 145/70 ஆர்12. எதிரெதிர் ஸ்டட்டுக்கு டேப் வைத்தால் ஏறக்குறைய 11 செ.மீ. டிரெய்லர் 180 கிலோ, லோடு 500 கிலோ வரை போகும். சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் ரிம் எடுக்கலாமா?

ஹப்_பேரிங்:
டேப் இதற்கு ஆகாது. 11 செ.மீ என்பது 108 மி.மீ-ஆகவும் இருக்கலாம், 114.3-ஆகவும் இருக்கலாம். ஃபோர்டு ஃபிகோ ரிம் 108, மாருதி 800 ரிம் 114.3. வெர்னியர் காலிபரில் ஒரு ஸ்டட்டின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஸ்டட்டின் உள் விளிம்பு வரை அளந்து பாருங்கள்; அதுதான் பிசிடி, அதாவது ஸ்டட் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். "ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கித் தர்றேன்" என்று சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள். நட் உட்காரும் கூம்பு வாய் போய்விடும், அப்புறம் நட் நிற்காது.

ஹப்பின் (ரிம் மாட்டும் சுழலும் பாகம்) நடு மேட்டையும் அளந்துகொள்ளுங்கள், ரிம்மின் நடு ஓட்டை அதைவிடச் சிறியதாக இருந்தால் ஏறாது. ஆஃப்செட்டுக்கு (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்பதற்கு), பழைய ரிம்மைக் குப்புறப் போட்டு, குறுக்கே ஸ்கேல் வைத்து, ஹப்பில் ஒட்டும் முகம் வரை ஆழம் பாருங்கள். புது ரிம்மிலும் அதே ஆழம் வரணும். குறைந்தால் டயர் வெளியே தள்ளி பேரிங்குக்குச் சுமை ஏறும், கூடினால் டயர் உள்ளே போய் ஸ்பிரிங் பட்டையில் உரசும்.

ஆக்ஸில்_கணக்கு:
எனக்குக் கவலை உங்கள் டயர்தான். 145/70 ஆர்12-இல் வழக்கமாக 69 என்று போட்டிருக்கும், அதாவது டயருக்கு 325 கிலோ, இரண்டுக்கும் 650. உங்கள் மொத்தம் 680. பத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாகக் காருக்குப் போனாலும் டயர்களில் 612 நிற்கிறது. அண்டாக்களை ஒரு பக்கமாக அடுக்கினாலே அந்தப் பக்க டயர் எல்லை தாண்டிவிடும். டாடா ஏஸில் வரும் 145 ஆர்12 எல்டி (லைட் டிரக்), 8 பிஆர் (எட்டு பிளை வலு) மாதிரி லோடு டயருக்கு மாறுங்கள். அதற்குக் காற்று அதிகம் வைக்க வேண்டும் என்பதால் ரிம்மும் அந்த அழுத்தத்தையும் எடையையும் தாங்குவதாக இருக்கணும். கார் ரிம்மில் மாட்டிவிடாதீர்கள். ஆக்ஸிலும் ஸ்பிரிங்கும் 680-ஐத் தாங்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அம்பத்தூர்_லோடு:
அப்படியானால் புது ரிம்தான். ஸ்டெப்னிக்கு மட்டும் பழையது எடுத்தால்?

ஹப்_பேரிங்:
எடுக்கலாம், அதே அளவாக இருந்தால். நட் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கிறதா, ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் உண்டா, வெல்டிங் தடம் தெரிகிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். டயர் கடை பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டால் கோணல் தெரிந்துவிடும். துருவை மறைக்கத் தடியாகப் பெயிண்ட் அடித்திருந்தால், ஹப்பில் ஒட்டும் முகத்தில் அதைச் சுரண்டி எடுங்கள். ஓட ஓட பெயிண்ட் நசுங்கி நட் தளர்ந்துவிடும். எதிரெதிராக முடுக்குங்கள், 12 மி.மீ ஸ்டட்டுக்கு 90-100 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் வேண்டாம். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி முடுக்கிவிடுங்கள்.