தோட்டத்து வீட்டுக் குழு: பெடல் திரும்பவில்லை

வியாழன், மாலை 6:10 (இந்திய நேரம்)

செந்தில் (ராலே, அமெரிக்கா): எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை நித்யாவுக்கு வளைகாப்பு. வண்டிகள் நிறுத்த வேண்டிய பின்பக்கம் ஒன்றரை ஏக்கர் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. இப்போது பார்த்து டிராக்டர் மக்கர் செய்கிறது. முன்னால் போகிற பெடலை மிதித்தால் மிதித்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. காலை எடுத்தும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. சாவியைத் திருப்பி அணைத்துத்தான் நிறுத்தினேன்.

செந்தில்: (புகைப்படம்)

கவிதா அக்கா: அது என்ன விறகுக் குவியல்?

செந்தில்: அவரைப் பந்தல்.

ஆத்தா: (குரல் செய்தி 0:38)

கவிதா அக்கா: கேட்காதவர்களுக்கு: சாமி, உனக்கு அடிபட்டதா, நித்யா பக்கத்தில் இருந்தாளா, வெள்ளிக்கிழமை வரப்போகிற நேரத்தில் இரும்பைத் தொடாதே.

செந்தில்: யாருக்கும் ஒன்றுமில்லை ஆத்தா.

பெரியப்பா: கிளட்ச் பிளேட் பார்த்தாயா?

செந்தில்: இதில் கியர் மாற்றக் கிளட்ச் கிடையாது பெரியப்பா. ஒரு பெடல் முன்னால் போக, இன்னொன்று பின்னால் போக. அவ்வளவுதான்.

பெரியப்பா: அதற்கு இத்தனை டாலர்.

சித்தி: வளையல் யாரிடம் கொடுத்துவிட்டீர்கள்? சம்பந்தி வீட்டார் இன்று நள்ளிரவு சென்னையில் விமானம் ஏறுகிறார்கள்.

சின்ன மாமா (கோவை): செந்தில், பதறாதே. 31 வருடம் பம்போடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன். முதலில் அடிப்படை. உன் வண்டியில் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு ஒரு மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. பம்புக்குள் சாயக்கூடிய ஒரு தட்டு இருக்கிறது, சுவாஷ் பிளேட் என்போம். தட்டு நேராக நின்றால் எண்ணெய் ஓடாது, வண்டி நிற்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் முன்னால், மறுபக்கம் சாய்ந்தால் பின்னால். எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வேகம். உன் பெடல் செய்கிற வேலை அந்தத் தட்டைச் சாய்ப்பது மட்டும்தான். காலை எடுத்ததும் ஒரு ஸ்ப்ரிங் அதை நடுவுக்கு இழுத்து வர வேண்டும். இழுக்க விடாமல் எங்கோ பிடிக்கிறது. தொடரும்.

கவிதா அக்கா: தொடரும் என்று வேறு போட்டுவிட்டார். நான் காபி வைத்துவிட்டு வருகிறேன்.

சித்தப்பா: தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்.

சின்ன மாமா: விடாதே. ஒரே வேகத்தில் போவதற்கு ஒரு லீவர் இருக்குமே, அது விடுபட்டிருக்கிறதா பார்த்தாயா?

செந்தில்: பார்த்தேன் மாமா. அது விடுபட்டுத்தான் இருக்கிறது.

சின்ன மாமா: நல்லது. சமதரையில் நிறுத்து. புல்வெட்டியையும் முன்வாளியையும் தரையில் இறக்கு. பார்க்கிங் பிரேக் போடு, சாவியை எடுத்துப் பையில் வை, சக்கரத்துக்குக் கட்டை கொடு. பிறகு கால் வைக்கிற ரப்பர் விரிப்பையும் அடியில் இருக்கிற தகட்டையும் கழற்று. பெடலிலிருந்து பம்பின் கைக்கு, அதாவது அந்தத் தட்டைச் சாய்க்கிற லீவருக்கு, ஒரு ராடு போகும். அதைப் பெடல் பக்கம் மட்டும் கழற்றிவிட்டு, பெடலைக் கையால் அழுத்திப் பார். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கோளாறு பெடல் அச்சில். லேசாக ஆடினால் கோளாறு அதற்கு அப்பால். இதைச் செய்யாமல் கண்ட இடத்தில் எண்ணெய் ஊற்றினால் எது குணமாயிற்று என்றே தெரியாது. முக்கியம்: பம்பின் கையை நடுவுக்கு இழுக்கிற ஸ்ப்ரிங்கைத் தொடாதே. முறுக்கோடு இருக்கும், விரலைக் கேட்கும்.

ஆத்தா: (குரல் செய்தி 0:51)

கவிதா அக்கா: அப்பாரு காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் சாம்பலில் விளக்கெண்ணெய் குழைத்து வண்டி மை போடுவார்களாம். அதைப் போடச் சொல்கிறார்.

சின்ன மாமா: அத்தை சொல்வது தப்பில்லை, விளக்கெண்ணெய் நல்ல மசகு. ஆனால் நாளானால் பிசின் மாதிரி ஆகிவிடும். இந்த வண்டிக்கு வேண்டாம்.

பெரியப்பா: அப்பாவின் டிராக்டர் இருந்திருந்தால் பேரன் இவ்வளவு கேள்வி கேட்க வேண்டியதில்லை. தினமும் காலையில் கிரீஸ் வைத்துவிட்டுத்தான் கிளப்புவோம்.

சித்தி: அதை விற்றதே எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்துத்தான்.

பெரியப்பா: போர்வெல் போட விற்றோம். 900 அடி. புழுதி வந்தது. உள்ளங்கையில் தேங்காய் நிற்கிறது என்று இடம் காட்டியவரை யார் கூட்டிவந்தது என்று நான் சொல்லவில்லை.

சித்தப்பா: சொல்லிவிட்டீர்கள்.

கவிதா அக்கா: வளையல்?

இரவு 8:25

செந்தில்: (புகைப்படம்) தகட்டைக் கழற்றிவிட்டேன்.

கவிதா அக்கா: குருவிக்கூடா?

செந்தில்: காய்ந்த புல், மண், பழைய கிரீஸ் எல்லாம் சேர்ந்து வரட்டி மாதிரி அப்பியிருக்கிறது. ராடைக் கழற்றிப் பார்த்தேன் மாமா. பெடல் அப்போதும் இறுக்கம்தான். பம்பின் கை தானாக நடுவுக்கு வந்து நிற்கிறது.

சின்ன மாமா: பார்த்தாயா! பம்பு நன்றாக இருக்கிறது. செலவு மிச்சம். அச்சில் துரு இருக்கிறதா?

செந்தில்: இருக்கிறது. கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் இரண்டு. ஒன்றின் வாய் முழுக்க அடைத்திருக்கிறது.

சின்ன மாமா: அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறாயா?

செந்தில்: ஆமாம் மாமா. சுத்தமாக இருக்கட்டும் என்று.

சின்ன மாமா: கிரீஸ் கடைசியாக எப்போது வைத்தாய்?

சின்ன மாமா: செந்தில்?

நித்யா: கிரீஸ் துப்பாக்கி வாங்கிய பெட்டியிலேயே இருக்கிறது மாமா. உறைகூடப் பிரிக்கவில்லை. கையேட்டில் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்று போட்டிருக்கிறது. மீட்டரில் 212.

பெரியப்பா: தினமும் காலையில்.

செந்தில்: அவள் கட்சி மாறிவிட்டாள்.

சின்ன மாமா: தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியேறும், தண்ணீர் உள்ளே தங்கும். அதுதான் துரு. வரட்டியை மரக்குச்சியால் சுரண்டு, கம்பி பிரஷ் போடு. துருவை இளக்குகிற எண்ணெயை அச்சின் இரண்டு முனையிலும் அடித்து அரை மணி நேரம் விடு. பிறகு பெடலைக் கையால் ஆட்டிக்கொண்டே இரு. அவசரப்பட்டுச் சுத்தியலைத் தூக்காதே. அடைத்த நிப்பிளைக் கழற்றிப் புதிது போடு, பத்து ரூபாய்ப் பொருள். புதுக் கிரீஸ் மறுபக்கம் வெளியே பிதுங்கும்வரை அழுத்து. முதலில் கறுப்பாக வரும், பிறகு நிறம் மாறும்.

சித்தி: பெரிய அக்கா கொடுப்பதாகச் சொன்னாரே. அக்கா, வளையல் கொடுத்தாயிற்றா?

பெரியம்மா: நீதான் கொடுப்பதாக நினைத்தேன். இங்கே பீரோவில் இருக்கிறது.

சித்தி: கோபியில் பீரோவில். நள்ளிரவு சென்னையில் விமானம்.

பெரியம்மா: என்னைக் கேட்டு என்ன பயன்? எனக்கு யார் எதைச் சொல்கிறார்கள்?

நித்யா: பரவாயில்லை அத்தை, மோரிஸ்வில்லில் நம் ஊர்க் கடைகள் இருக்கின்றன. கண்ணாடி வளையல் கிடைக்கும்.

ஆத்தா: (குரல் செய்தி 0:09)

கவிதா அக்கா: "கடை வளையலா" என்கிறார். அந்தத் தொனியை என்னால் எழுத முடியாது.

இரவு 10:40

செந்தில்: முன்பெடல் சரியாகிவிட்டது மாமா! காலை எடுத்ததும் டக்கென்று திரும்புகிறது. ராடையும் மாட்டிவிட்டேன். பின்பெடல் மட்டும் திரும்பினாலும் மெதுவாகத்தான் வருகிறது.

சின்ன மாமா: எஞ்சினைப் போட்டு, இரண்டு பெடலிலும் கால் வைக்காமல் பார்த்தாயா? வண்டி நகர்கிறதா?

செந்தில்: நகரவில்லை என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் சரிவில் நிற்கிறது.

சின்ன மாமா: நான் முதலில் என்ன சொன்னேன்? சமதரை. நகர்ந்தால் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி நடுநிலையைத் திருத்த வேண்டும், அதைத் தனியாகச் செய்யாதே. பின்பெடலை இன்னும் ஒருமுறை ஊறவிடு. அதுவரை புல் வெட்டாதே.

நித்யா: நாளை பிற்பகல் மழை என்கிறார்கள்.

செந்தில்: அதனால் இன்றைக்கே பாதியாவது வெட்டிவிடலாமா என்று பார்க்கிறேன்.

சின்ன மாமா: வேண்டாம்.

நித்யா: வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறேன்.

செந்தில்: அவரிடம் போன வருடமே ஒருமுறை வாங்கி...

பெரியப்பா: சாலையோரம் நிறுத்தட்டும். நம் கல்யாணத்துக்கெல்லாம் யார் புல் வெட்டினார்கள்?

சித்தப்பா: தேங்காய் எண்ணெய் கடைசிவரை விட்டுப் பார்க்கவில்லை.

சித்தி: இதோடு நிறுத்துங்கள்.

ஆத்தா: (குரல் செய்தி 1:12)

கவிதா அக்கா: நீளம். சுருக்கமாக: வளையலைப் பெரியம்மா பத்திரமாக வைத்திருக்கட்டும், குழந்தை பிறந்த பிறகு தானே கொண்டுவருகிறாராம். அப்புறம், அவரைப் பந்தலைத் திரும்ப யார் போடுவது என்று கேட்கிறார்.

செந்தில்: சனிக்கிழமை முடியட்டும் ஆத்தா.

கவிதா அக்கா: நீலக் குறி வந்துவிட்டது. பதில் ஒலிப்பதிவு ஆகிக்கொண்டிருக்கிறது.