ஹாலுக்கு 11 பெட்டி டைல்ஸா, 13 பெட்டியா? கணக்கு உதைக்கிறது, உதவுங்கள்

கேள்வி

வணக்கம். ஹாலின் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் பதிக்கப் போகிறோம். எத்தனை பெட்டி வாங்குவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு வருகிறது.

ஹால் நீளம் 14 அடி 3 அங்குலம், அகலம் 11 அடி 6 அங்குலம். பார்த்து வைத்திருப்பது 2×2 விட்ரிஃபைடு டைல்ஸ், பெட்டிக்கு 4. மொத்தப் பரப்பு 163.9 சதுர அடி. ஒரு பெட்டி 16 சதுர அடி, அதனால் 10.24 பெட்டி வரும், 11 தாராளம் என்கிறார் கடைக்காரர். பத்து சதவீதம் வேஸ்டேஜ் சேர்க்க வேண்டும் என்று கேள்விப்பட்டதால் நான் 12 என்று வைத்திருந்தேன். மேஸ்திரி வந்து டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, "13 எடுத்துடுங்க" என்றார். ஏன் என்று கேட்டால், "போடும்போது தெரியும்" என்பதோடு சரி.

கடைக்காரர் கணக்குக்கும் மேஸ்திரி கணக்குக்கும் 8 டைல் வித்தியாசம். மேஸ்திரி தேவைக்கு மீறிக் கேட்கிறாரா, நாங்கள்தான் எதையாவது விட்டுவிட்டோமா? பாத்ரூம் சுவருக்கும் இதே குழப்பம் காத்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.

பதில் 1

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். 2×2 என்று வாய்வழக்கில் சொல்வதெல்லாம் உண்மையில் 600 × 600 மி.மீ. தான். 600 மி.மீ. என்பது 2 அடி இல்லை, 1.97 அடி. ஒரு டைல் 3.875 சதுர அடி, 4 டைல் உள்ள பெட்டி 15.5 சதுர அடி. பெட்டியின் மேல் 1.44 ச.மீ. என்று அச்சடித்திருப்பார்கள், பாருங்கள்.

அந்தக் கணக்கில் உங்கள் ஹாலுக்கு வெட்டு, உடைசல் எதுவும் இல்லாமலே 10.57 பெட்டி. பத்து சதவீதம் சேர்த்தால் 11.63, அதாவது 12. கடைக்காரர் சொன்ன 11 கட்டாயம் பற்றாது. 13 எதற்கு என்று எனக்கும் புரியவில்லை.

பதில் 2

உங்கள் மேஸ்திரி சொன்னதுதான் சரி. நான் பல வருடமாக டைல்ஸ் பதிக்கிறேன். எங்களில் பலருக்கு இதை வாயால் விளக்க வராது, கையால் போட்டுத்தான் காட்டுவோம். நான் எழுதிப் பார்க்கிறேன்.

சதுர அடியை மறந்துவிட்டு டைலை எண்ணுங்கள். 14 அடி 3 அங்குலம் என்பது 4343 மி.மீ. டைல் 600, நடுவில் 2 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளிக்காக வைக்கும் துண்டு), ஆக 602. ஒரு சுவரிலிருந்து முழு டைலாக வைத்துக்கொண்டே போனால் 7 முழு டைல் போய் எதிர்ச் சுவரோரம் சுமார் 13 செ.மீ. மிஞ்சும். அங்கே ஐந்து அங்குலப் பட்டையாக ஒரு துண்டு ஓடும். ஹாலுக்குள் நுழைந்ததும் கண் அங்கேதான் போய் நிற்கும். மெல்லிய துண்டு சீக்கிரம் விரிசலும் விடும். நல்ல மேஸ்திரி யாரும் அதற்கு ஒப்ப மாட்டார்.

அதனால் என்ன செய்வோம்? நடுவில் நூல் பிடித்து 6 முழு டைல் வைப்போம். மிச்சம் 73 செ.மீ. இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரிந்து, சுவரோரம் 36 செ.மீ. சொச்சம் வரும். பார்வைக்கு லட்சணமாக இருக்கும்.

சிக்கலும் இங்கேதான். 60 செ.மீ. டைலில் 36 வெட்டினால் மீதி 23 தான். அந்த மீதி இன்னொரு ஓரத்துக்கு ஆகாது. அதனால் இரண்டு ஓரத்துக்கும் தனித்தனியாக முழு டைல் செலவாகும். நீள வாக்கில் ஒரு வரிசைக்கு 8 டைல். அகலம் 3505 மி.மீ., 5 முழு வரிசை போக ஆறாவது வரிசை 49 செ.மீ. வெட்டு. அதன் மீதி 10 செ.மீ. சொச்சம், அதுவும் தரைக்கு உதவாது. 8 × 6 = 48 டைல். சரியாக 12 பெட்டி!

அதாவது ஒரு டைல்கூட உடையாமல், மூலை நசுங்காமல், ஒரு வெட்டும் தப்பாமல் போனால்தான் 12 பெட்டியில் முடியும். நான் பார்த்த எந்த வேலையும் அப்படி முடிந்ததில்லை. 13 என்பது குறைந்தபட்சக் கணக்கு.

பத்து சதவீதம் என்பது பெரிய ஹாலுக்கும் சின்ன டைலுக்கும் ஓரளவு பொருந்தும். டைல் பெரிதாகி அறை சிறிதானால் பொருந்தாது. உங்கள் அறையில் வெட்டில் போவது மட்டும் சுமார் 13 சதவீதம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இரவு உட்கார்ந்து கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பார்த்தேன். 48 தான் வருகிறது. மேஸ்திரியைச் சந்தேகப்பட்டது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். ஒரு பக்கச் சுவரில் முழு டைல் வைத்து, அந்த ஐந்து அங்குலப் பட்டையை சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் மிச்சம் பிடிக்கலாமா? அப்புறம், ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடியில் ஒட்டும் பட்டைக்கு) தனியாக வாங்க வேண்டுமா?

பதில் 2

பிடிக்கலாம். 35 முழு டைல், அகல ஓரத்துக்கு 7. பட்டைத் துண்டு ஆறையும் 2 டைலில் வெட்டிவிடலாம். மொத்தம் 44, நான்கு டைல் மிச்சம். ஆனால் சோபா இடம் மாறும், தரை மாறாது. என் வீடாக இருந்தால் செய்ய மாட்டேன்.

ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக வாங்க வேண்டியதில்லை. மேலே ஆகாது என்று சொன்ன துண்டுகள் இங்கே கைகொடுக்கும். 5 முழு வரிசையிலும் சேர்த்து 23 செ.மீ. துண்டு பத்து வரும், ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 10 செ.மீ. உயரத்தில் 20 துண்டு. அகல ஓரத்தின் மீதி 6 துண்டு. மொத்தம் 26 × 60 செ.மீ. = 15.6 மீட்டர். உங்கள் ஹாலின் சுற்றளவே 15.7 மீட்டர்தான், வாசல்களைக் கழித்தால் தாராளமாகப் போதும். 16 துண்டில் ஒரு பக்கம் கம்பெனி ஓரம் (வெட்டுப்படாத ஓரம்) இருக்கும். அதை மேலே தெரிகிற மாதிரி வைத்து எதிரே தெரியும் சுவர்களில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வெட்டு ஓரமாக உள்ளதை மேல் விளிம்பு தேய்த்து, அலமாரிக்குப் பின்னால் ஒட்டலாம். முக்கியமாக, வெட்டிய துண்டுகளை மூட்டை கட்டி வெளியே போட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பதில் 3

இவ்வளவு நல்ல விளக்கத்தோடு என் அனுபவத்தையும் சேர்த்துவிடுகிறேன். எங்களுக்கு மூன்றே மூன்று டைல் குறைந்தது. அதே கடைக்குப் போய் அதே பெயர், அதே அளவில் ஒரு பெட்டி வாங்கி வந்தோம். பெட்டிக்குள் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. பதித்து, இடைவெளிகளில் கிரௌட் கலவை போட்டு அடைத்து, காலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்தபோதுதான் மூன்றும் லேசாக மஞ்சளடித்துத் தனியாகத் தெரிந்தன. அளவிலும் மயிரிழை வித்தியாசம், இடைவெளி ஒரே கோடாகப் போகவில்லை. சமையலறை வாசலுக்கு நேர் எதிரே இருப்பதால் தினமும் கண்ணில் படுகிறது.

பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் நம்பர், ஷேடு (நிறச் சாயல்), காலிபர் (துல்லிய அளவுக் குறியீடு) என்று போட்டிருப்பார்கள். 13 பெட்டியிலும் மூன்றும் ஒன்றுதானா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். எல்லாப் பெட்டியையும் பிரித்து மூலைகளையும் பார்த்துவிடுங்கள். இரண்டு டைலை முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தினால் வளைவு இருந்தால் தெரிந்துவிடும்.

பதில் 1

என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன், பதில் 2 கண்ணைத் திறந்துவிட்டார். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அளவை எங்கே எடுத்தீர்கள்? பழைய ஸ்கர்ட்டிங் இருக்கும்போது எடுத்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலம் வரை குறையும். ஒரே இடத்தில் மட்டும் எடுத்திருந்தாலும் நம்ப முடியாது. இரு முனையிலும் நடுவிலும் எடுங்கள், பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லாவிட்டால் அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லை, ஓரத் துண்டுகள் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் வரும். நிலைவாசலுக்குள் சுவர்க் கனம் அளவுக்குத் தரை இருக்குமே, அதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மறுபடி அளந்தோம். நடுவில் 14 அடி 3½ அங்குலம் வந்தது. எண்ணிக்கை மாறவில்லை. வாசலுக்குள் கிரானைட் பட்டை வருகிறது. ஹாலுக்கு 13 உறுதி.

பாத்ரூம் 7 × 5 அடி. சுவரில் 7 அடி உயரத்துக்கு 300 × 450 மி.மீ. டைல், நிறுத்துவாக்கில். கதவு இரண்டரை அடி. இதையும் எண்ணித்தான் பார்க்க வேண்டுமா?

பதில் 2

ஆமாம், இதிலும் ஒரு லாபம் இருக்கிறது. 7 அடி என்பது 2134 மி.மீ. 4 வரிசை முழுதாகப் போய் ஐந்தாவது வெட்டு வரும், வெட்டிய மீதி குப்பைக்குத்தான். ஐந்து வரிசையையும் முழுதாகவே ஏற்றிவிட்டால் உயரம் சுமார் 7 அடி 5 அங்குலம். டைல் செலவு ஒன்றே, வெட்டுக்கூலி மிச்சம். ஷவர் தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால் ஐந்து அங்குலம் கூடுவதும் நல்லதுதான்.

பக்கவாட்டில் 7 அடிச் சுவருக்கு 7 டைல், 5 அடிச் சுவருக்கு 5. வெறும் சுவரை அளந்தால் ஒவ்வொரு சுவரிலும் ஓரிரு செ.மீ. மிஞ்சுவது போலத் தெரியும். பூச்சும் பக்கச் சுவரில் ஏறும் டைலின் கனமும் அதை விழுங்கிவிடும். அதனால் பூச்சு முடிந்து தூக்குக்குண்டு வைத்துப் பார்த்த பிறகு மறுபடி அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். அவசரப்பட்டால் 2 செ.மீ. பட்டை ஒட்ட வேண்டி வரும்.

சுற்றி 24 டைல், 5 வரிசை, 120. கதவுக்கு முழுதாகக் கழிக்கக் கூடியது 8 தான், ஆக 112. ஜன்னலைக் கழிக்க வேண்டாம், அதன் ஓர வெட்டிலேயே அது போய்விடும். குழாய்க்கு ஓட்டை போடும்போது நிச்சயம் சில உடையும். பெட்டிக்கு 6 என்றால் 20 பெட்டி எடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஹால் வேலை முடிந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன். 52 டைலில் ஒன்று பெட்டிக்குள்ளேயே மூலை நசுங்கியிருந்தது. நிலைக்கட்டையைச் சுற்றி எல் வடிவத்தில் வெட்டும்போது இன்னொன்று போனது. 48 பதித்தாயிற்று, இரண்டு மிச்சம். ஸ்கர்ட்டிங் முழுவதும் வெட்டுத் துண்டிலேயே முடிந்தது. மேஸ்திரியிடம் என் நோட்டுப் படத்தைக் காட்டினேன், சிரித்துவிட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சம் இரண்டையும் பெட்டி அட்டையோடு பரணில் நிறுத்தி வைத்திருக்கிறேன். பேட்ச் நம்பரை மின்பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியாயிற்று. பாத்ரூமில் பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது, காய்ந்ததும் டேப்போடு போகிறேன்.