மூன்று மாத இன்டர்ன்ஷிப்பில் லட்சியமே மாறிவிடுமா?

சேலம் வாத்தியார்:
ஜெர்மனியில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் முடித்து வந்த ஒரு மாணவி எழுதிய பதிவு நேற்றிலிருந்து எல்லா குழுக்களிலும் சுற்றுகிறது. டிரெஸ்டனில் ஓர் ஆய்வகத்தில் மூன்று மாதம் இருந்தாராம். மாலை ஐந்து மணி அடித்தால் அங்கே ஆய்வகம் காலியாகிவிடுமாம். அதைப் பார்த்த பிறகுதான் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை தன் லட்சியம் இல்லை என்று புரிந்ததாம். இனிமேல் பொருளறிவியலில் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) பிஎச்.டி. மட்டும்தானாம். நேரத்தை மதிக்கத் தெரியாத இடத்தில் வேலையே பார்க்க மாட்டாராம். பொறியியல் கல்லூரியில் நெடுங்காலமாகப் பாடம் நடத்துபவன் நான். என் மாணவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். உலகத்தில் எந்த ஆய்வகம் ஐந்து மணிக்குக் காலியாகிறது?

எல்பே கரை:
அந்தப் பதிவை எழுதியவள் நான்தான் சார். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். முதல் வாரம், உலையில் மாதிரியை வைத்து வெப்பநிலையை செட் செய்தோம். இரவு முழுக்க அது தானாக ஓடும். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் வழிகாட்டி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் கூப்பிட்டு, "வேலை முடியவில்லையா? அப்படியானால் நான்தான் உனக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டேன்" என்றார். அவர் முகத்தில் உண்மையான கவலை. என் கல்லூரியில் ஏழு மணி வரை இருந்தால் பாராட்டுவார்கள். இந்த ஒரு வித்தியாசம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. இதில் உங்களுக்கு என்ன கோபம்?

சேலம் வாத்தியார்:
ஒருவர் கிளம்பினார் என்பதும் ஆய்வகமே காலியானது என்பதும் ஒன்றா அம்மா? அந்தக் கட்டடத்தில் அந்த நேரம் வேறு யாருமே இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

லைப்சிக் குளிர்:
நான் இங்கே ஜெர்மனியில் மூன்றாவது குளிர்காலத்தைப் பார்க்கும் பிஎச்.டி. மாணவன். தங்கையே, நீ வந்தது ஜூன், ஜூலையில். இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், யாராக இருந்தாலும் ஆற்றங்கரைக்கு ஓடத்தான் செய்வார்கள். ஜனவரியில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அப்போது வந்து பார், எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று. இங்கே பிஎச்.டி. செய்பவர்களில் நிறையப் பேருக்குப் பாதிச் சம்பளம் அல்லது 65 சதவீதச் சம்பளத்தில்தான் ஒப்பந்தம், வேலை என்னவோ முழு வேலைதான். 2021இல், அரசு வீடியோவில் வந்த கற்பனை ஆய்வாளர் பெயரை வைத்து 'நான் ஹன்னா' என்று ஹேஷ்டேக் போட்டு ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் கொதித்தது எதற்கு? பிஎச்.டி. பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் என்று தற்காலிக ஒப்பந்தத்திலேயே காலம் தள்ள வைக்கிறார்கள் என்றுதான். ஐந்து மணிக் கணக்கை நம்பி வந்துவிடாதே.

சேலம் வாத்தியார்:
கேட்டீர்களா? அங்கேயே இருப்பவர் சொல்கிறார். ஐந்து மணி கட்டுக்கதை.

லைப்சிக் குளிர்:
சார், கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. என் பெயரை உங்கள் வாதத்துக்கு இழுக்காதீர்கள். எங்கள் டெக்னீஷியன் நாலு மணிக்கே கிளம்பிவிடுவார், ஒருவரும் அவரை முறைத்துப் பார்த்ததில்லை.

எல்பே கரை:
அண்ணா, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. ஜெர்மன் வேலை நேரச் சட்டம் 1994லிருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், நீட்டினாலும் பத்துதான். இரண்டு வேலை நாட்களுக்கு நடுவே பொதுவாகப் பதினொரு மணி நேர ஓய்வு கட்டாயம்.

கிண்டி பழனி:
உலை இருக்கும் ஆய்வகத்தில் தனியாக வேலை செய்யக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அதனால் அனுப்பியிருப்பார்கள். இதை நேரத்தை மதிக்கும் பண்பு என்று எழுதுவது அதிகம்.

எல்பே கரை:
பாதுகாப்பு விதியை மதிப்பதும் பண்புதான். நம் ஆய்வகத்தில் கையுறை கேட்டால் கிடைக்குமா?

சேலம் வாத்தியார்:
மறுபடியும் நம் ஊரைத்தான் இழுக்கிறீர்கள். எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்கிறேன். எட்டு மணி நேர வேலை என்பது ஜெர்மனியில் போய்க் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா? தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் 1923லேயே சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடினார். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியதே, தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்று மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்க வைத்தார்களே, அதைப் படித்தீர்களா? அந்தச் சங்கத்துக்காரர்களிடம் கற்றுக்கொள்ளாத மதிப்பை விமானம் ஏறிப் போய்க் கற்றேன் என்கிறீர்கள். உங்கள் அப்பா எத்தனை மணிக்கு வேலை முடித்து வீட்டுக்கு வந்தார் என்று என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? லட்சியம் மாறட்டும், பிஎச்.டி. செய்யுங்கள், சந்தோஷம். அதற்காக இங்கே இருப்பவர்களை நேரம் தெரியாதவர்கள் என்று எழுதாதீர்கள். ஐந்து மணிக்கு ஆய்வகம் காலி என்ற வரியை நீக்குங்கள்.

எல்பே கரை:
நீக்க மாட்டேன். என் அப்பா ஈரோட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர் சார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அவர் வீட்டுக்கு வரும் நேரம் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அந்த ஐந்து மணி என்னை அப்படி உலுக்கியது. சங்கத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கடைசி பெஞ்ச்:
வாத்தியாரிடம் ஒரு கேள்வி. மேல்நாட்டு இன்டர்ன்ஷிப்புக்கு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி, கடைசியில் ஒருவரிடம் அழைப்புக் கடிதம் வாங்கினேன். கல்லூரியில் என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) கேட்டபோது துறைத்தலைவர், "அட்டெண்டன்ஸ் யார் தருவார்? எல்லாரும் போனால் பிளேஸ்மென்ட் கணக்கு என்ன ஆகும்?" என்றார். மூன்று வாரம் இழுத்தடித்து, விண்ணப்பத் தேதி போன பிறகு கையெழுத்துப் போட்டார். இன்றைக்கு ஓ.எம்.ஆரில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். நீங்கள் எத்தனை பேருக்கு என்.ஓ.சி. கொடுத்தீர்கள்?

சேலம் வாத்தியார்:
இங்கே பேசுவது ஐந்து மணியைப் பற்றி. உங்கள் துறைத்தலைவர் மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்டாதீர்கள்.

கடைசி பெஞ்ச்:
பதில் வரவில்லை.

கிண்டி பழனி:
எனக்கும் அதே கதைதான். போக முடியாதவர்கள்தான் போனவர்கள் எழுதுவதில் இப்படிக் குற்றம் கண்டுபிடிக்கிறோமோ என்று தோன்றுகிறது. இருந்தாலும் அது பாதுகாப்பு விதிதான்.

சேலம் வாத்தியார்:
என்.ஓ.சி. கேட்டு வந்த ஒருவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. கையெழுத்துப் போட்டு, சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து இங்கே பாடம் நடத்தவில்லை. என் துறையில் இரண்டு இடம் இன்னமும் காலியாகத்தான் கிடக்கிறது. அந்த இரண்டு பேரின் வகுப்பையும் சேர்த்து எடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போகும்போது மணி எட்டு. இப்போது சொல்லுங்கள், யார் நேரத்தை யார் மதிக்கவில்லை?

எல்பே கரை:
அதை உங்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள் சார். என்னிடம் கேட்காதீர்கள்.