மேன் பக்கத்தில் காணாமல் போன வரி: டெர்மினலில் உரை வடிவமைக்கும்போது நீங்கள் பட்ட பாடு?

நானே தொடங்கி வைக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஓடும் ஒரு உள்கருவிக்கு மேன் பக்கம், அதாவது கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையிலேயே படிக்கிற கையேடு, உண்டு. எழுதியவர் எப்போதோ வேலை மாறிப் போய்விட்டார். அதில் ஒரு வாக்கியம், ‘இந்த மாறியை உங்கள் வீட்டு அடைவில் உள்ள’ என்று போய், சட்டென்று ‘அதன் பிறகு மறுபடி லாகின் செய்யவும்’ என்று தாவும். எந்தக் கோப்பில் போடுவது? புதிதாகச் சேருகிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது.

மூலக் கோப்பைத் திறந்து பார்த்தால் வரி பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது ‘.பேஷ்ஆர்சி கோப்பில் சேர்க்கவும்’ என்று புள்ளியில் தொடங்குகிறது. வினை அங்கேதான். மேன் பக்கங்களை வடிவமைத்துத் தரும் குரோஃப் நிரலின் பார்வையில், வரியின் முதல் எழுத்து புள்ளி என்றால் அது உரை இல்லை, கட்டளை. அந்தப் பெயரில் கட்டளை எதுவும் இல்லாவிட்டால் முழு வரியையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எச்சரிக்கைகளைக் காட்டு என்று தனியாகக் கேட்டால்தான் வாயைத் திறக்கும். ஒற்றை மேற்கோளில் தொடங்கும் வரிக்கும் இதே கதிதான்.

இந்தப் புள்ளிப் பழக்கம் 1964-இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் நிரலிலிருந்து வருகிறது. யூனிக்ஸ் இயங்குதளமே பிறக்காத காலம். புள்ளியில் தொடங்கும் கோப்புப் பெயர் ஒன்று வந்து வம்பு செய்யும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்? ரன்ஆஃபிலிருந்து ராஃப், அதிலிருந்து பெல் லேப்ஸில் ஜோ ஒசானாவின் என்ராஃப், 1990-இல் ஜேம்ஸ் கிளார்க்கின் குரோஃப் என்று தலைமுறைகள் மாறின. புள்ளி மட்டும் மாறவில்லை.

வைத்தியம் எளிது: புள்ளிக்கு முன்னால் \& என்று போட்டால் போதும். அது திரையில் எதையும் காட்டாது, புள்ளியை வரியின் முதல் எழுத்தாக இருக்கவும் விடாது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

மறுமொழி:

எனக்குக் கோடு. மேன் பக்கத்திலிருந்து ஒரு கமாண்டை அப்படியே காப்பி செய்து ஒட்டினேன், ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றது. எழுத்து எழுத்தாகப் பார்த்தாலும் பிழை தெரியவில்லை. விஷயம் என்னவென்றால், மூலத்தில் வெறும் - என்று எழுதினால் குரோஃப் அதைச் சொற்களை இணைக்கும் அச்சுக்கோடாக எடுத்துக்கொண்டு, யுனிகோடில் உள்ள வேறொரு குறியைத் திரையில் போடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு இல்லை. மேன் பக்கத்தைத் திரையில் காட்டும் லெஸ்ஸில், கோட்டில் தொடங்கும் ஆப்ஷனைத் தேடினாலும் சிக்காது. கமாண்டில் வரும் கோட்டை \- என்றுதான் எழுத வேண்டும். டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் இதைத் தாங்களே சரிக்கட்டி அனுப்புவதால் பலர் கண்ணில் படுவதே இல்லை.

மறுமொழி:

மேக்கில் மேன் பக்கத்தை ஒரு கோப்புக்குத் திருப்பி விட்டு எடிட்டரில் திறந்து பாருங்கள். தலைப்புகளில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு தடவை இருக்கும், நடுவில் ^ குறியோடு ஏதோ குப்பை. அது பேக்ஸ்பேஸ். காகிதத்தில் அடிக்கும் டெலிடைப்பில் தடித்த எழுத்து வேண்டுமென்றால் ஒரு எழுத்தை அடித்து, பின்னால் வந்து, அதன் மேலேயே மறுபடி அடிப்பார்கள். அடிக்கோடும் அப்படித்தான். லெஸ் இதைப் புரிந்துகொண்டு தடிப்பாகக் காட்டுகிறது, எடிட்டருக்கு அந்தச் சங்கதி தெரியாது. ‘கால் -பி’ கட்டளை வழியாக அனுப்பினால் சுத்தமாகிவிடும்.

மறுமொழி:

நீங்களெல்லாம் ஆங்கில உரையோடு மல்லுக்கட்டுகிறீர்கள். நான் தமிழ் உதவிக் குறிப்பு ஒன்றை, வரிகளை மடிக்கும் ஃபோல்ட் கருவி கொண்டு 40 நெடுவரிசைக்கு மடித்தேன். வரிக்கு வரி, ஓரத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம், அதாவது உடைந்த எழுத்தின் அடையாளம். காரணம், அந்தக் கணினியில் இருந்த ஃபோல்ட் பைட்டை எண்ணுகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 13 குறிக்கு 39 பைட் போக, பதினான்காவதின் முதல் பைட்டோடு வெட்டிவிடுகிறது. சொல் இடைவெளியில் மட்டும் மடி என்று சொன்னால், 40 பைட்டுக்குள் அடங்கும் சொற்களில் எழுத்து உடையாது, ஆனால் வரிகள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறுகிவிடும். பத்திகளை மடிக்கும் எஃப்எம்டி கருவியிலும் அங்கே இதே கணக்குதான்.

சரி, பைட்டை விட்டுக் குறியை எண்ணலாமே என்பீர்கள். ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பைட் 15. யுனிகோடு குறிகள் 5: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. புள்ளிக்கு அகலம் சுழியம், கொக்கிக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டு டெர்மினல் 4 கட்டம் ஒதுக்குகிறது. நாம் எண்ணினால் எழுத்து 3. இதில் எதை நம்பி வலது ஓரத்தை நேராக்குவது? என்னைக் கேட்டால், தமிழுக்கு இரு ஓரமும் சமமாக்கும் ஆசையை டெர்மினலில் விட்டுவிடுவதே நல்லது. அட்டவணை போடுவதாக இருந்தால் தமிழ்ச் சொல் கடைசிப் பத்தியில் வரட்டும், அதற்கு வலப்பக்கம் எதையும் வைக்காதீர்கள். மடிப்பதற்கு இப்போது விம் எடிட்டரில் ஜிக்யூ கட்டளை போடுகிறேன். அது பைட்டைப் பார்க்காமல் திரை அகலத்தைப் பார்த்து மடிக்கிறது.

தொடங்கியவர்:

ஓரம் சமமாக்கும் பேச்சு வந்ததால் ஒன்று. மேன் பக்கங்களில் சொற்களுக்கு நடுவே வரும் ஓட்டை இடைவெளிகள் எனக்கும் ஆகாது. லினக்ஸில் மேன் கமாண்டுக்கே --என்ஜே என்றால் ஓரம் சமமாக்குவதையும், --என்எச் என்றால் சொல்லை உடைப்பதையும் நிறுத்திவிடும். மேன்விட்த் மாறியில் 80 என்று வைத்தால் அகலத் திரையிலும் வரி நீண்டு போகாது. அப்புறம், அந்தக் கறுப்பு வைரம், ஆவணங்களை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேன்டாக் கருவியின் வெற்று உரை வெளியீட்டில் வருகிறதா? யாராவது தமிழில் ஓட்டிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி:

ஓட்டியிருக்கிறேன், வராது. நெடுவரிசை எண்ணிக்கையைக் கொடுத்தால் எழுத்தின் அகலத்தைப் பார்த்தே மடிக்கிறது.