மறு: வாய்ப்புண்ணா, வேக்காடா? (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.
தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கான படிவம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். கதிர்வீச்சு தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பலருக்கு வாயின் உட்புறம் சிவந்து புண்ணாகிவிடும். யாருக்குக் கடுமையாக வரும் என்று முன்னதாகவே பார்க்கத்தான் படிவம்: வாய்க்கு விழும் கதிரின் அளவு, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து உண்டா, சொத்தைப் பல், பொருந்தாத பல்செட், புகையிலை. படிவத்தின் தலைப்பில், இந்தப் பாதிப்பின் ஆங்கிலப் பெயரான மியூகோசைட்டிஸுக்கு என்ன போடுவது? வெள்ளிக்கிழமை அச்சு.
(மொழிபெயர்ப்பாளர்)

இலங்கைப் பாடநூல்களில் மியூகோசா, அதாவது வாய் போன்றவற்றின் ஈரமான உட்படலம், சீதமென்சவ்வு. ஆகவே 'வாய்ச் சீதமென்சவ்வழற்சி'. 'சளிச்சவ்வு' என்று போட்டால் தடிமன் (ஜலதோஷம்) பிடித்த நினைவுதான் வரும்.
(யாழ்ப்பாணத்திலிருந்து)

படிவத்தில் அவ்வளவு நீளக் கட்டம் இல்லை ஐயா! வாய்ப்புண் என்றே போடலாமே.
(செவிலியர்)

வாய்ப்புண் என்றால் பி-காம்ப்ளெக்ஸ் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இதன் கடுமைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோலில் முதல் படியில் புண்ணே கிடையாது, சிவப்பும் எரிச்சலும்தான். மூன்றில் நீராகாரம் மட்டும் இறங்கும். நான்கில் அதுவும் இல்லை.
(மருத்துவர்)

நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது: வாய்வேக்காடு. சாக்காடு, நோக்காடு போல வே + காடு. இந்தக் 'காடு' தொழிற்பெயர் விகுதி, சுடுகாட்டின் காடு வேறு. 'நத்தம்போல் கேடும் உளதாகும் சாக்காடும்' என்ற குறளை நினைவு கொள்க. நத்தம் என்பது ஆக்கமா, சங்கா என்று உரையில் ஒரு வழக்கு உண்டு, அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

புற்றுநோயாளியின் படிவத்துக்குச் சாக்காட்டை உறவு சொல்லிக் கூட்டி வருகிறீர்களே ஐயா! இன்னொன்று: எங்கள் பக்கம் கதிர்வீச்சைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வேக்காடு என்று அச்சடித்தால், கரண்ட் வைத்து வாயை வேகவைத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வருவார்கள்.
(செவிலியர்)

ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ ஊசி போடும்போது அரை மணி நேரம் ஐஸ் கட்டி சப்பச் சொல்கிறார்களே, அப்போது சூடுதானே காரணம்?
(தமிழாசிரியர்)

இல்லை ஐயா. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், வாய்க்குப் போகும் மருந்து குறையும். கீமோவில் சூடு எங்கே இருக்கிறது? வேகமாகப் பெருகும் செல்களை மருந்து தாக்குகிறது, வாயின் உட்படலமும் அந்த ரகம்.
(மருத்துவர்)

சரி, தலைப்பின் இரண்டாம் பாதி? யாருக்கு வரும் என்று முன்னதாகப் பார்ப்பதற்கு 'முன்கணிப்பு' என்று வைத்திருக்கிறேன்.
(மொழிபெயர்ப்பாளர்)

வேண்டாம். நோயின் போக்கைச் சொல்வதற்கும் அதையே எழுதுகிறோம். எத்தனை நாள் இருப்பேன் என்று கணித்திருக்கிறீர்களா என்பார் நோயாளி.
(மருத்துவர்)

அப்போ 'வாய்ப்புண் வாய்ப்பு மதிப்பீடு'?
(கணினித்துறை நண்பர்)

நாக்கு சுளுக்கிக்கொள்ளும். புண் வருவது என்ன வாய்ப்பா, லாட்டரியா?
(செவிலியர்)

வியாழன் இரவு. 'வாய் அழற்சி வருமா? முன்மதிப்பீடு' என்று அனுப்பிவிட்டேன். கீழே சிறிய எழுத்தில் 'வாய் சிவந்து எரிதல், புண்ணாதல்' என்ற விளக்கமும் உண்டு. மூவர் சரி என்றார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போல.
(மொழிபெயர்ப்பாளர்)

தூங்கவில்லை. அழல் என்றால் நெருப்பு, அதிலிருந்துதான் அழற்சி. வேக்காட்டில் சூடு இருக்கிறது என்று தள்ளிவிட்டு நெருப்பையே கூட்டி வந்திருக்கிறீர்கள். அடுத்த பதிப்புக்காவது என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நத்தம் பற்றி நாளை எழுதுகிறேன்.
(தமிழாசிரியர்)