ஹாம்பர்க் முதல் ஸ்டாக்ஹோம் வரை: மெட்டல் ரெக்கார்டு கடைகளுக்கு 8 நாள் கார் பயணம், திட்டம் சரியா?

இரும்புச்செவி:

மக்களே, ஜூலை இரண்டாவது வாரம் ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பி கோபன்ஹேகன், கோதென்பர்க், ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம் போய்த் திரும்புவதாகத் திட்டம். இரண்டு பேர், ஒரு சின்ன ஹேட்ச்பேக். சனிக்கிழமை ஹாம்பர்க், ஞாயிறு கோபன்ஹேகன், திங்கள் கோதென்பர்க், செவ்வாய் ஆஸ்லோ, வியாழன் ஸ்டாக்ஹோம். வரைபடத்தில் மொத்தம் 11 கடைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். தேடுவது 1984 முதல் 1994 வரை வந்த ஸ்வீடிஷ் டெத் மெட்டல், நார்வே பிளாக் மெட்டல் (இரண்டும் ஹெவி மெட்டல் ராக் இசையின் கிளைகள்) எல்பிகள், அதாவது வினைல் இசைத்தட்டுகள். 40 வரை வாங்கலாம் என்று நினைப்பு.

கேள்விகள்: இந்த நாள் வரிசை சரிப்படுமா? பழைய எல்பியைக் கடையில் நின்றபடியே எப்படிச் சோதிப்பது, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? வெயிலில் காருக்குள் ரெக்கார்டு தாங்குமா? அப்புறம், ரொக்கமாகப் பணம் எடுத்துப்போக வேண்டுமா?

வடக்குவாசல்:

தம்பி, முதல்ல ஜூலையை மாத்துங்கோ. சுவீடனில ஜூலை முழுக்க விடுமுறைக் காலம். ஒரு ஆள், ரெண்டு ஆள் நடத்துற கடையெல்லாம் கதவில ஒரு கடதாசியை ஒட்டிப்போட்டு ரெண்டு மூண்டு கிழமைக்குப் பூட்டிப்போடுவினம். கூகிளில மட்டும் "திறந்திருக்கு" எண்டு காட்டும். ஓகஸ்ட் கடைசி, இல்லாட்டி செப்டெம்பர் முதல் கிழமை நல்லம். கடைக்காரர் லீவால திரும்பி வந்து, கோடையில வாங்கின பழைய சேகரிப்புகளை விலைபோட்டு வெளியில வைக்கிற நேரமும் அதுதான்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியிலயும் நோர்வேயிலயும் ஞாயிறு கடை இல்லை, சட்டமே அப்பிடி. டென்மார்க்கில சட்டம் விட்டாலும் சின்னக் கடையள் பெரும்பாலும் பூட்டு. அதால ஞாயிறை ஓட்டத்துக்கு வைச்சிருங்கோ. திங்களும் சில பழைய றெக்கோட் கடையளுக்கு ஓய்வு நாள். சனிக்கிழமை திறப்பினம், ஆனா பின்னேரம் 4 மணிக்கே இழுத்து மூடுற கடை கனக்க.

என்ர வரிசை இது. ஞாயிறு ஹாம்பேர்க்கில இருந்து நேர கோத்தன்பேர்க். ஜேர்மனியில இருந்து டென்மார்க்குக்கு புட்கார்டன் - ரோட்பி படகு 45 நிமிசம், பிறகு சுவீடனுக்கு ஓரசுண்ட் பாலமும் சுரங்கமும் சேர்ந்து 16 கிலோமீற்றர், பிறகு ஈ6 நெடுஞ்சாலை. கோபன்ஹேகனை விடுங்கோ. நீங்கள் தேடுற சாமானுக்கு அங்க ஒரு நாள் செலவழிக்கத் தேவையில்லை. திங்கள் ஓய்வு, செவ்வாய் கோத்தன்பேர்க் கடையள், புதன் ஒஸ்லோவுக்கு 290 கி.மீ., வியாழன் ஒஸ்லோ, வெள்ளி ஈ18 பாதையில ஸ்ரொக்ஹோமுக்கு 520 கி.மீ., சனி காலமை கடை திறக்கேக்கையே வாசலில நில்லுங்கோ. திரும்பி வர ஸ்ரொக்ஹோம் - ஹாம்பேர்க் கிட்டத்தட்ட 1000 கி.மீ. ஒரே நாளில ஓடாதேங்கோ. சுவீடனின்ர தெற்கில ட்ரெல்லபோரியில இருந்து ஜேர்மனியின்ர ட்ராவமுண்டவுக்கு இரவுக் கப்பல் இருக்கு. வாகனம் கீழ்த்தட்டில வெயில் படாமல் கிடக்கும், நீங்களும் நித்திரை கொள்ளலாம்.

11 கடை எண்டது வீண் ஓட்டம். ஒரு ஊரில ரெண்டு கடை போதும். ஒரு கடையில ரெண்டு மணித்தியாலம் நிண்டால்தான் பெட்டிக்குக் கீழ கிடக்கிற பெட்டி கண்ணில படும்.

கோத்தன்பேர்க்கில பெங்கான்ஸ். 1974இல தொடங்கினது, ஸ்டிக்பேரிஸ்டோரியெட் சதுக்கத்தில இருக்கு, வாசலிலயே அதே பேரில ட்ராம் தரிப்பு. பெரிய கடை, புதுச் சாமான் கூட. அங்கயிருந்து 15 நிமிச நடையில ஆந்திரா லோங்கத்தான் தெரு. பழைய எல்பிக்கு அந்தத் தெருவைத்தான் மேய வேணும். (பேரைப் பாத்துச் சிரிக்காதேங்கோ, "இரண்டாம் நீளத் தெரு" எண்டுதான் அர்த்தம்.)

ஒஸ்லோவில நெசெப்ளொட். முகவரி ஸ்வைகார்ட்ஸ் காத்த 56, மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் கிழக்க நடக்கிற தூரம். நோர்வே பிளாக் மெட்டல் குழு மேஹெமின்ர கிட்டார்காரர் யூரோனிமஸ் 1991இல ஹெல்வேத்த எண்ட றெக்கோட் கடையைத் திறந்து 1993இல மூடின அதே கட்டடம். 2024இல அங்க தீப்பிடிச்சது. அதால போறதுக்கு முதல்க் கிழமை கடையின்ர சொந்தப் பக்கத்தில எப்ப, எங்க திறப்பு எண்டு பாருங்கோ, பழைய பயணக் குறிப்புகளை நம்பாதேங்கோ. ஹெல்வேத்தவின்ர பழைய நிலவறையைப் பாத்து நாலு படம் எடுத்துக்கொண்டு வெறுங்கையோட வெளியேறுற ஆக்களை எந்தக் கடைக்காரரும் விரும்பிறேல்லை. பொதுவான பழைய எல்பிக்கு பிக் டிப்பர், டைகர் ரெண்டும் நடுநகரில இருக்கு.

ஸ்ரொக்ஹோமில சவுண்ட் பொலூஷன், பழைய நகரமான கம்லாஸ்தானில ஸ்டோரா நீகாத்தன் தெருவில. மெட்டலுக்கும் பங்க்குக்குமான கடை, விநியோக நிறுவனமும் அவையள்தான். கம்லாஸ்தானுக்குள்ள வாகனத்தோட நுழையிற எண்ணமே வேண்டாம். வெளியில நிப்பாட்டிப்போட்டு மெற்றோவில வாங்கோ, நிலையத்துக்கும் அதே பேர்தான்.

ரொக்கக் காசு தேவையில்லை. சுவீடனில நோட்டு வாங்காத கடையும் இருக்கு. கைப்பேசியால காசு கட்டுற ஸ்விஷ் செயலிக்குச் சுவீடன் வங்கிக் கணக்கு வேணும், நோர்வேயில பாவிக்கிற விப்ஸ் செயலியும் உங்களுக்குச் சரிவராது. உங்களுக்கு அட்டைதான். அட்டை இயந்திரம் "யூரோவிலயா, குரோனாவிலயா?" எண்டு கேட்டால் எப்பவும் அந்த நாட்டு நாணயமான குரோனா. யூரோவை அமத்தினால் இயந்திரக்காரன் தன்ர நாணயமாற்று விகிதத்தில ஒரு கடி கடிச்சுப்போடுவான்.

கோத்தன்பேர்க், ஸ்ரொக்ஹோம், ஒஸ்லோ மூண்டிலயும் நகரக் கட்டணத்துக்குச் சாவடி கிடையாது. கமெரா இலக்கத்தகட்டைப் படம் எடுக்கும், பில் வீட்டுக்கு வரும். வாடகை வாகனமெண்டால் அந்த பில்லோட கம்பனியின்ர கையாளல் கூலியும் சேர்ந்து வரும்.

ஓரப்பள்ளம்:

நாள் கணக்கை அவர் சொல்லிவிட்டார். நான் தட்டைப் பற்றி மட்டும்.

கிளம்புவதற்கு 10 நாள் முன்னால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். குழு, ஆல்பம், எந்த வருஷப் பிரஸ்ஸிங் (தட்டு அச்சான பதிப்பு), எந்த நிலை வரை ஏற்பீர்கள், எந்தத் தேதி வருவீர்கள். பட்டியல் 10 பெயரைத் தாண்டக் கூடாது. 60 பெயர் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். நல்ல சரக்கு பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. சுவரில் மாட்டியிருக்கும், இல்லையென்றால் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும். பல கடைகளில் பெட்டியில் கிடப்பது காலிக் கவர்தான், தட்டை உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். சுவரில் இருப்பதை நீங்களாக எடுக்காதீர்கள், கேளுங்கள்.

தட்டு கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை. விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடியுங்கள். முதலில் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், வளைவு தெரியும். தட்டு முழுக்கக் கிண்ணம் மாதிரிச் சீராக வளைந்திருந்தால் பெரும்பாலும் ஊசி சமாளித்துக்கொள்ளும். விளிம்பில் ஒரே இடத்தில் திடீரென்று மேடு இருந்தால் முதல் பாட்டிலேயே ஊசி துள்ளும், விட்டுவிடுங்கள். அடுத்து கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் எல்லாத் தட்டும் புதுசு போலத்தான் மின்னும். கீறல் தெரிந்தால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, நகத்தை அதன் மேல் மிக லேசாக ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஊசியும் தட்டும். தட்டாத மயிரிழைக் கோடுகள் கவரிலிருந்து எடுத்து வைத்ததில் வந்தவை. டெத் மெட்டல் இரைச்சலில் அவை காதில் விழாது, ஆனால் ஆல்பத்தின் நடுவே மெதுவான கிட்டார் பகுதி வந்தால் விழும்.

அப்புறம் நடு ஓட்டை. அதைச் சுற்றி லேபிள் மேல் வெள்ளையாகச் சிலந்திக்கால் போலக் கோடுகள் நிறைய இருந்தால், அந்தத் தட்டு நிறைய முறை ஓடியது. மேலே பளபளப்பாக இருந்து ஓட்டை மட்டும் தேய்ந்திருந்தால் நன்றாகக் கழுவி விற்கிறார்கள் என்று அர்த்தம். போட்டுக் கேட்க அனுமதி இருந்தால் முதல் பாட்டைக் கேட்காதீர்கள், பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். உள்வட்டத்தில்தான் தேய்மானம் முதலில் கரகரப்பாக வெளியே வரும்.

போலிக்கு வருவோம். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே பாட்டு இல்லாத வழுக்கைப் பகுதி இருக்கிறதே, அங்கே பொறித்திருக்கும் எழுத்துதான் தட்டின் ஆதார் அட்டை. இசைத்தட்டுகளின் இணையத் தரவுத்தளமான டிஸ்காக்ஸில் அந்தப் பிரஸ்ஸிங்கின் பக்கத்தைத் திறந்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் மட்டும் பொருந்தினால் போதாது. கையால் கீறியதா, அச்சால் குத்தியதா என்பதும் பொருந்த வேண்டும். கவருக்கு 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போலிகளின் கவர் பெரும்பாலும் பழைய கவரை ஸ்கேன் செய்து அச்சடித்தது. பின்பக்கச் சின்ன எழுத்தின் ஓரம் கூர்மையாக இல்லாமல் புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும், படத்தின் கறுப்புப் பகுதியில் நுணுக்கம் செத்துப்போய் ஒரே மையாக இருக்கும்.

உதாரணத்துக்கு இரண்டு. ஸ்வீடன் குழுவான பாத்தரியின் முதல் ஆல்பம், 1984. முதல் 1000 பிரதிகளில் கவரில் இருக்கும் ஆட்டின் தலை மஞ்சள். பொன்னிறம் வேண்டுமென்று கேட்டதற்கு அச்சகம் கொடுத்தது அது. அட்டவணை எண் பிஎம்எல்பி 666-1. மஞ்சள் ஆடு என்றதும் பையைத் திறக்காதீர்கள், போலி அடிப்பவனுக்கும் அந்த மஞ்சள் கிடைக்கும். இன்னொன்று மேஹெமின் 1987 மினி எல்பி, போசர்கார்ப்ஸ் லேபிளில் வந்த 1000 பிரதி. இதற்கும் போலிகள் ஏராளம். இந்த அளவு விலையுள்ளதை வாங்கினால் ரசீதில் "முதல் பிரஸ்ஸிங்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையானது என்றால் எழுதித் தரத் தயங்க மாட்டார்கள்.

முதல் பிரஸ்ஸிங் பைத்தியம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. கேட்பதற்கு என்றால் 90களின் ஆரம்பத்து சிடிகளையும் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: உள்வளையத்தில் "மேட் இன் யு.கே. பை பிடிஓ" என்று இருந்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். 1988 முதல் 1993 வரை அந்த ஆலையில் வந்த சில சிடிகளில் பூச்சு அரித்து, ஓரத்திலிருந்து வெண்கல நிறம் உள்ளே பரவும். பரவ ஆரம்பித்ததை நிறுத்த முடியாது.

பேரம்? ஒரு தட்டுக்குக் கேட்பது அங்கே அசிங்கம். ஆறேழு எடுத்துக் கல்லாவில் வைத்துவிட்டு "மொத்தமாக எவ்வளவு?" என்று கேளுங்கள், அவர்களாகவே சில்லறையைக் குறைப்பார்கள்.

டிக்கிமூலை:

வெயில் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன். தாங்காது.

ரெக்கார்டு பிவிசி. 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். மூடிய காரின் டேஷ்போர்டும், பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையும் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். "வடக்கு நாடு, 24 டிகிரிதானே" என்று ஏமாற வேண்டாம். அங்கே கோடையில் சூரியன் ராத்திரி வரை தாழ்வாகவே இருந்து பக்கக் கண்ணாடி வழியாகக் கிடைமட்டமாக அடிக்கும். மதியம் நிழலாக இருந்த பின்சீட் சாயந்திரம் 7 மணிக்கு அடுப்பு. டிக்கியின் தரை, அல்லது முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடம், இரண்டுதான் பாதுகாப்பு. பெட்டி மேல் வெளிர்நிறத் துண்டு ஒன்று. ராத்திரி விடுதிக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

பெட்டி: உள்ளளவு 33 சென்டிமீட்டர் சதுரம், உறுதியான அட்டை, 20 எல்பிக்கு ஒன்று. கவரோடு ஒரு எல்பி சராசரி 250 கிராம், தட்டு மட்டுமே 180 கிராம் இருக்கும் தடித்த வகை என்றால் இன்னும் கூட. ஆக 40 எல்பி 10 முதல் 13 கிலோ. செங்குத்தாக நிற்க வைக்க வேண்டும், படுக்கப்போட்டு அடுக்கக் கூடாது. பாதி காலியான பெட்டிதான் ஆபத்து. தட்டுகள் சாய்ந்து நிற்கும், அந்தச் சாய்விலேயே சூடு பட்டால் அப்படியே வளைந்துவிடும். மீதி இடத்தில் டி-ஷர்ட்டைச் சுருட்டித் திணியுங்கள், எப்படியும் நாலு வாங்கத்தான் போகிறீர்கள்.

முக்கியமான ஒன்று. வாங்கியவுடன் தட்டை உள்ளுறையோடு கவரிலிருந்து எடுத்து, கவருக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே வெளியுறைக்குள் போடுங்கள். உள்ளேயே விட்டால் பிரேக் போடும்போதெல்லாம் தட்டின் விளிம்பு கவரின் மேல்தையலை உள்ளிருந்து இடிக்கும். 2000 கி.மீ. ஓடி வீட்டுக்கு வந்தால் கவர் பிளந்திருக்கும். வெளியுறை பாலிப்ரொப்பிலீன் 45 எடுத்துப்போங்கள். கெட்டியான பிவிசி உறை வேண்டாம். சூட்டில் அதிலிருந்து கசியும் பொருள் தட்டின் மேல் பனிமூட்டம் போலப் படிந்துவிடும், கழுவினாலும் போகாது. புது எல்பியைச் சுற்றி இறுக்கியிருக்கும் பிளாஸ்டிக் தாளை ஒரு பக்கம் கீறித் திறந்துவிடுங்கள். சூட்டில் அது இறுகிக் கவரோடு தட்டையும் வளைக்கும்.

இரும்புச்செவி:

அருமை, அண்ணன்மார்களுக்கு நன்றி. பயணத்தை ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு மாற்றுகிறேன், கோபன்ஹேகனை அடித்துவிட்டேன். ஒன்று மட்டும்: நார்வேயில் வாங்கியதை ஸ்வீடனுக்குள் கொண்டுவரும்போது சுங்கம் இருக்கிறதா? இரண்டு பேர் என்பதால் 600 யூரோ வரை பிரச்சினை இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார்.

வடக்குவாசல்:

நண்பர் பாதிதான் சரி. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில. தரைவழியா ஒன்றியத்துக்குள்ள வரேக்க ஆளுக்கு 300 யூரோ. ஆனா ஒரே பொருளின்ர விலையை ரெண்டு பேருக்குப் பிரிக்க ஏலாது. 420 யூரோவுக்கு ஒரு எல்பி வாங்கினால், காரில நாலு பேர் இருந்தாலும் அதை அறிவிச்சு வரி கட்டத்தான் வேணும். சுவீடனில அது 25 வீதம். பழசு, புதுசு எண்ட வித்தியாசம் இல்லை.

அதால விலை கூடின ஒற்றைத் தட்டை, அது ரெண்டு நாட்டிலயும் கிடைக்குமெண்டால், கோத்தன்பேர்க்கிலயோ ஸ்ரொக்ஹோமிலயோ வாங்குங்கோ. ஒஸ்லோவில சின்னச் சின்ன விலையில கனக்க எடுங்கோ. கோத்தன்பேர்க் ரசீதுகளை ஒரு கடித உறையில தனியா வையுங்கோ. வெள்ளிக்கிழமை ஈ18இல எல்லை கடக்கேக்க டிக்கியில 30 தட்டு கிடந்தால், எது சுவீடனில வாங்கினது, எது ஒஸ்லோவில வாங்கினது எண்டு காட்ட அந்தத் தாள்தான் சாட்சி. நோர்வே பக்கத்தில எல்லையடி ஊர் ஓர்யெ. அறிவிக்க இருந்தால் சிவப்புப் பாதை, நீங்களாத் திருப்பி நிப்பாட்ட வேணும். ஆரும் மறிக்கேல்லை எண்டு பச்சையால போய்ப் பிடிபட்டால் தண்டமும் சேர்ந்து வரலாம்.